இடது கால் முயல்

நெரவியில் எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேராவது எங்கள் அம்மா பின்னிக் கொடுத்த கம்பளிப் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் முதன்முதலில் வாசலைப் பார்த்திருப்பார்கள். வருஷத்தில் பத்து மாதம் வியர்த்துக் கொட்டுகிற ஊரில் கைக்குழந்தைக்குக் கம்பளி எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. மார்கழியில் பிறந்தால் குளிருக்கு, சித்திரையில் பிறந்தால் அழகுக்கு. அம்மா, பிரெஞ்சுக்காரர் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். படித்த பிரெஞ்சு எல்லாம் போய்விட்டது. குரோஷா பின்னல் ஊசி மட்டும் கையோடு தங்கிவிட்டது.

பிரான்சு பென்ஷன் வாங்கும் ஒரு வீட்டிலிருந்து அம்மாவுக்கு ஒரு பின்னல் புத்தகம் கிடைத்திருந்தது. எழுத்து புரியாது. படத்தை வைத்தே கண்ணிகளை எண்ணிப் பின்னிவிடுவாள். அதில் ஒவ்வொரு பூட்ஸின் நுனியிலும் ஒரு மிருகத்தின் முகம் இருக்கும். யானை, பசு, பூனை, கரடி, முயல், வாத்து என்று ஒரு காடே இருந்தாலும் எங்கள் ஊரில் செல்லுபடியானது இரண்டே இரண்டுதான். யானை என்றால் பிள்ளையார் முகம், அதைக் காலில் மாட்டினால் பாவம். பசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூனை குறுக்கே போனாலே ஆகாது. கரடியைப் பார்த்தால் பிள்ளை பயந்துகொள்ளும். மிஞ்சியது முயலும் வாத்தும். வாத்து நடை பிள்ளைக்கு வந்துவிடுமோ என்று சில பேர் அதையும் வேண்டாம் என்றதால் எங்கள் தெருவே முயலாகத்தான் தவழ்ந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. நானும் அதே பள்ளியில் படித்தேன். கணக்கிலும் இங்கிலீஷிலும் நான் சுமார்தான், தையல் வகுப்பில் ராணி. தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு இரண்டு விஷயங்களில் இரக்கமே கிடையாது. ஒன்று, எண்ணிக்கை. ஒரு கண்ணி கூடினாலும் குறைந்தாலும் முழுவதையும் பிரித்து மறுபடி பின்ன வேண்டும். இன்னொன்று, செய்த தப்பை மறைப்பது. யாரும் கேட்பதற்கு முன்னால் எழுந்து நின்று ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். என் வாயில் ஒரு சேதி அரைமணி நேரம் தங்கினால் அதிசயம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம், அடைமழையில், அக்காவுக்குத் தலைப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. அக்காவை வரிச்சிக்குடியில் கொடுத்திருந்தோம். அத்தான் துபாயில் இருந்தார். பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்கென்று ஒரு முழ நூல்கூட வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஊருக்கெல்லாம் பூட்ஸ் பின்னிய அம்மா, சொந்தப் பேத்திக்கு ஒன்றும் பின்னாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறந்த மூன்றாம் நாள்தான் வெள்ளையும் ரோஸுமாக நூல் வாங்கி வரச் சொல்லிப் பிரசவ அறையிலேயே உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தாள்.

நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு இடது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டால் மூன்று நான்கு மாதத்தில் நேராகிவிடும் என்று பிரசவம் பார்த்த நர்சம்மா அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா கணக்குப் போட்டாள். முப்பதாம் நாள் சம்பந்தி வீட்டார் வந்து காப்புப் போடுவார்கள். அது முடிந்தால் பிறகு ஐந்தாம் மாதம்தான் தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக வருவார்கள். காப்பு முடிந்த கையோடு கட்டுப் போட ஆரம்பித்தால் அதற்குள் கால் நேராகிவிடும். நடுவில் அந்த ஒரு நாளை மட்டும் தாண்டிவிட்டால் போதும். அவர்கள் தெருவிலேயே, கண்ணில் பூ விழுந்த குழந்தையோடு ஒரு பெண்ணைத் தாய் வீட்டிலேயே விட்டுவிட்ட கதை அம்மாவுக்குத் தெரியும். அக்காவுக்கும் அது நேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் அவள் பயம். அக்காவுக்கு இதில் சம்மதம் இருந்ததா என்று தெரியவில்லை. அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளை பிறந்த சேதி கேட்டு மழையோடு மழையாக வந்த அக்காவின் மாமியார், பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்து உச்சி முகர்ந்துவிட்டுப் போயிருந்தார். என் கதியும் அதுதான். முகம் பார்க்கலாம், தூக்கக் கூடாது. முதலில் தீட்டு என்றார்கள். தீட்டுக் கழிந்த பிறகு, பச்சைப் பிள்ளை, கழுத்து நிற்கவில்லை என்றார்கள். என் ஓட்டைவாய்க்குப் பயந்துதான் என்னை அண்டவிடவில்லை என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். ஆனால் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வந்ததும் பேப்பரை விரித்துக்கொண்டு அதற்குள் போய்விடுவார்.

முப்பதாம் நாளுக்கு முதல் நாள் வீடு அமர்க்களப்பட்டது. அடுப்படியில் அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. அம்மாவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பின்னி முடித்திருந்த பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். இரண்டு முயல்கள். வலது கால் முயல் கச்சிதமாக இருந்தது. இடது கால் முயலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடியில் எண்ணினேன். வலதில் பன்னிரண்டு கண்ணி, இடதில் பதினேழு. மறுபடி எண்ணினேன், பதினேழுதான். அகலமாக, ஒரு பக்கம் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போய், இன்னொரு பக்கம் குறைத்து, பூசணிப் பிஞ்சு மாதிரி கோணிக்கொண்டு இருந்தது. உள்ளே ஒரு ஓரத்தில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள். காதுகளோ வலது முயலின் காதைப்போல இரண்டு பங்கு. முன்பக்கம் முழுவதும் தொங்கி மறைத்தன. என் அம்மாவா இப்படிப் பின்னினாள் என்று எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. ராத்திரிகளில் பிள்ளை அழுகிறது, அம்மாவுக்குத் தூக்கமில்லை, எண்ணிக்கை தப்பிவிட்டது, பாவம் என்று முடிவுகட்டினேன். நாளைக்குச் சம்பந்தி வீட்டார் முன்னால் அம்மாவின் பெயர் கெட்டுவிடும். அதை நான் காப்பாற்றப் போகிறேன்.

கொல்லைப் படியில் உட்கார்ந்து இடது பூட்ஸை ஒரே இழுவையில் பிரித்தேன். நூல் சுருள்சுருளாக மடியில் வந்து விழுந்தது. வலதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணிக்குக் கண்ணி எண்ணி, மழைநாள் இருட்டுவதற்குள் பின்னி முடித்துவிட்டேன். காதுகளையும் அளவாக வைத்து, கண்ணுக்குக் கறுப்பு நூல் முடிச்சுப் போட்டேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது எது அம்மாவுடையது எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. இன்றுவரை என் கையால் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. ரிப்பனால் கட்டி டப்பாவில் திருப்பி வைத்துவிட்டு ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அம்மா தானே கண்டுபிடித்து அசந்துபோக வேண்டும் என்பது என் ஆசை. என் வாழ்நாளில் ஒரு சேதி என் வாயில் தங்கியது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் காலை வரிச்சிக்குடியிலிருந்து வாடகைக் கார் வந்தது. மாமியார், நாத்தனார், இன்னும் நாலைந்து பேர். கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். தாம்பாளத்தில் கைக்குக் காப்பும் காலுக்குத் தண்டையும் பளபளத்தன. அதைப் போடுவது பிள்ளையின் அத்தை, அதாவது அக்காவின் நாத்தனார். அறைக்குள் அம்மா பிள்ளைக்கு மை தீட்டிவிட்டுப் பூட்ஸை எடுத்தாள். தண்டை போடுவதற்குத் தோதாகக் கணுக்காலுக்குக் கீழேயே பூட்ஸை முடித்திருந்தாள், கழற்ற வேண்டிய அவசியமே வராதபடி. நான் குங்குமச் சிமிழோடு அறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

வலது கால் வழுக்கிக்கொண்டு போனது. இடதை அம்மா மாட்டப் பார்த்தாள். போகவில்லை. எடுத்துப் பார்த்தாள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதை யாருடி தொட்டது?" என்றாள், சத்தமே வராமல்.

"நான்தாம்மா. நீ பதினேழு போட்டிருந்தே. பன்னெண்டுதான் வரணும்."

பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. அப்போதுதான் துணி விலகியிருந்த பிள்ளையின் காலை நான் பார்த்தேன். பாதம் மடங்கி, உள்ளங்கால் மற்ற காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னஞ்சிறு விரல்கள், நகமெல்லாம் ரோஸாக.

"நேரம் போவுது சம்மந்தி, புள்ளையத் தூக்கியாங்க" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அம்மா பாதத்தின் பாதிவரை பூட்ஸைச் செருகி, ரிப்பனை இழுத்துக் கட்டினாள். பிள்ளை சிணுங்கியது. மேலே பட்டுத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

நாத்தனார் சிரித்த முகமாகக் காப்பைக் கைகளில் போட்டார். வலது காலுக்குத் தண்டை போட்டு, "முயலு அழகா இருக்கே" என்றார். இடது காலைத் துணிக்குள்ளிருந்து இழுத்ததும் பூட்ஸ் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது.

வெளியே ஓட்டுத் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. மாமியார் எழுந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அம்மாதான் முதலில் பேசினாள். "நேத்து எண்ணெய் தேய்க்கையிலதான் சம்மந்தி கவனிச்சோம். எங்களுக்கே ஒண்ணும் புரியல. இன்னிக்கு ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

மாமியார் கட்டைவிரலால் அந்தப் பாதத்தை மெல்ல நீவினார். "பச்ச எலும்புதானே. எங்க சின்ன அத்தைக்கு இப்படித்தான் கை இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. பாப்போம், டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. எங்கள் அம்மா அப்போது விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது.

அங்கேயே அது முடிந்திருக்கும். நாத்தனார் கையில் இருந்த பூட்ஸைப் பார்த்து, ஏதாவது பேச வேண்டுமே என்றுதான், "ஊருக்கெல்லாம் பின்னுறவங்க, பேத்திக்கு அளவு பாக்காமப் பின்னிட்டீங்களே" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு என்னுடையது, பழி அம்மாவுக்கு. கேட்பதற்கு முன்னால் எழுந்து நின்று ஒத்துக்கொள்ள வேண்டும். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். இருந்தாலும் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"அம்மா சரியாத்தான் பின்னுனாங்க. இந்தக் காலுக்குப் பெருசாப் பின்னியிருந்தாங்க. நான்தான் தெரியாம பிரிச்சுச் சின்னதாக்கிட்டேன்."

மாமியார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மிருதுவாகத்தான் கேட்டார்.

"பெருசாப் பின்னியிருந்தாங்களா பாப்பா?"

"ஆமா. பதினேழு கண்ணி. உள்ள பஞ்சு வச்சிருந்தாங்க. காதுகூட நீளமா, முன்னாடி மறைக்கிற மாதிரி இருந்துச்சு."

"எப்போ பின்னுனாங்க?"

"புள்ள பொறந்த மூணாம் நாளே ஆரம்பிச்சாங்க" என்றேன். அம்மா எவ்வளவு அக்கறையானவள் என்று அவர்களுக்குத் தெரியட்டுமே.

"ஏய்" என்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. அது மிகவும் தாமதமாகத்தான் வந்தது.

மாமியார் பிள்ளையின் காலைப் பட்டுத் துணிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு எழுந்தார். "கால் கோணலா பொறந்தது கடவுள் செயல். அதுக்கு நாங்க என்ன, நீங்க என்ன. ஆனா முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாத்தீங்க பாருங்க, அது மனுசங்க செஞ்சது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "இப்பக்கூட நேத்துதான் பாத்தோம்னு எம்முகத்தப் பாத்துச் சொல்றீங்களே சம்மந்தி."

இலை போட்டிருந்தது. பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. கை நனைக்காமல் கிளம்பினார்கள். அப்பா குடையை எடுத்துக்கொண்டு கார் வரை பின்னாலேயே ஓடினார். யார் தலைக்குப் பிடிப்பது என்று தெரியாமல் விரித்த குடையோடு தெருவில் நின்றார். பிள்ளை ஒரு காலில் மட்டும் தண்டையோடு தூங்கிவிட்டது. மற்றது தாம்பாளத்திலேயே கிடந்தது.

அம்மா அன்று என்னை அடிக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அடித்து முடித்த தப்பு தீர்ந்துபோகும். அடிக்காமல் விட்டது அப்படியே இருக்கிறது.

அந்த வாரமே அக்காவும் அப்பாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினார்கள். பிறகு வாராவாரம் போனார்கள். நர்சம்மா சொன்னது பொய்யில்லை. பங்குனி பிறப்பதற்குள் பாதம் நேராகிவிட்டது. இன்று அந்தப் பிள்ளைக்கே கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். கடைத்தெருவில் அக்கா மகளோடு நடந்தால் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. துபாயிலிருந்து அத்தானிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. தன் அம்மா சொல்வதைக் கேட்டு நடக்கவேண்டியிருக்கிறது என்று இரண்டாவதில் இருந்ததாம். மூன்றாவது வரவில்லை. அக்கா பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள், அங்கேயே ஓய்வும் பெற்றாள்.

மாமியார் பொல்லாதவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் அவர் அந்தப் பாதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அம்மா பொய் சொன்னாள் என்பதா? மகளுக்காகப் பதினேழு கண்ணி போட்டவளை எப்படிச் சொல்வது? நான் உண்மை பேசினேன். அதற்காக இத்தனை வருஷமும் அழுதிருக்கிறேன். அக்காவிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்கப் போனேன். "போடி, நீ சொல்லலன்னா நானே சொல்லியிருப்பேன்" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் இவ்வளவும் பிறகு. அடுத்து வந்த சித்திரையில் எனக்கு இதில் எதுவும் தெரியாது. ஐந்தாம் மாதம் வந்தது. அக்காவின் டிரங்குப் பெட்டியை அம்மா துடைத்து வைத்திருந்தாள். பிள்ளைக்குப் புதுப் பாய், பால் சங்கு, வெள்ளிக் கிண்ணம், எல்லாம் கூடத்து மூலையில் தயாராக இருந்தன. வளர்பிறை வந்து போயிற்று. கார் ஒன்றும் வரவில்லை. மறுமாதம் பெட்டி பரணுக்குப் போயிற்று. பிள்ளை என்னைப் பார்த்தாலே தாவத் தொடங்கியிருந்தது. பள்ளிவிட்டு வந்தால் என் இடுப்பைவிட்டு இறங்காது.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் தெருக்குழாயடியில் அம்மாவோடு நின்றேன். தண்ணீர் வரும் நேரம், தெருவே அங்கேதான் இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மாவைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

"என்ன பாப்பா, அக்காவ அழைச்சுக்கிட்டுப் போவ வரலையா இன்னும்?"

எனக்கு அந்தக் கேள்வி பெருமையாக இருந்தது. பள்ளி திறந்ததிலிருந்து அங்கே எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வரமாட்டாங்க. எங்க அக்கா இனிமே எங்கேயும் போவாது. பாப்பாவும் எப்பவும் எங்க வீட்லதான் இருக்கும்" என்று குழாயடி முழுவதும் கேட்கும்படி சொன்னேன்.

அம்மா குழாய்க்கு அடியில் வைத்திருந்த குடம் நிறைந்து, வழிந்து, தண்ணீர் அவள் காலை நனைத்துத் தெருவில் ஓடியது. அவள் குனிந்து அதை எடுக்கவில்லை.

"அம்மா, குடம் வழியுது" என்றேன். அவளுக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.